கீழ் வீட்டில் எத்தனை சோடிச் சப்பாத்து?

2024 ஜனவரியில் ஒரு காலை. வெளியே மைனஸ் 17. குப்பை வாளியை றோட்டோரம் தள்ளிவிட்டு வந்த நான், எங்கள் வீட்டுப் பக்கக் கதவடியில் நின்று சப்பாத்துகளை எண்ணினேன். நான்கு சோடி. எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பது ஒரே ஒரு ஆள். ஒருவனிடம் இரண்டு சோடி பூட்ஸ் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் வேறு அளவு. ஆம், அளவையும் பார்த்தேன். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து, பகல் முழுக்க மென்பொருள் ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கிற ஒருவன், பனிக்குள் குனிந்து அடுத்தவனின் சப்பாத்து நம்பர் பார்த்தான்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் பாதிப் பேர் இப்போது யாரோ ஒருவரின் பேஸ்மென்ற்றில் இருப்பீர்கள். மற்றப் பாதியின் பெற்றோர் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் வீடு வாங்கப் போனால் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கும் முன்னரே 'பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல் இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். இன்னும் பத்து வருடத்தில் நீங்களும் அதைக் கேட்பீர்கள். அப்போது நான் செய்த மடைத்தனத்தைச் செய்யாமல் இருக்க இது உதவலாம். (வழக்கம்போல என் தமிழை அம்மா திருத்தித் தந்திருக்கிறார். அவரைப் பற்றிய பகுதிகளையும் அவரே திருத்தியிருக்கிறார்.)

எங்களுடையது ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களோ. மேலே அம்மாவும் நானும். கீழே ஒரு படுக்கையறை, ஒரு சின்ன ஹோல், குசினி, குளியலறை. உடுப்புத் தோய்க்கும் மெஷின் மட்டும் பொது. தண்ணீர், மின்சாரம், இன்ரநெற் எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. 2023 செப்டெம்பரில் திருநெல்வேலியிலிருந்து கல்லூரிக்கு வந்த ஒரு தம்பி அதில் குடிவந்தார். நல்ல பிள்ளை. என்னை அண்ணா என்பார், அம்மாவை அம்மா என்றே கூப்பிடுவார். பனி கொட்டினால் நான் எழும்பும் முன்னரே ட்ரைவ்வேயை வழித்து வைத்திருப்பார். அதற்கு நான் காசு கொடுத்ததும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. இந்தக் கணக்கு பிறகு வரும், மனதில் வைத்திருங்கள்.

நவம்பரில் ஒருநாள் படியடியில் நின்று கேட்டார்: "அண்ணா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு வாரம் தங்கிக்கட்டுமாண்ணா? ரூம் பிரச்சினை."

நான் பெரிய மனது பண்ணி, "ஓம் தம்பி, ஒரு கிழமைதானே, பரவாயில்லை" என்றேன்.

அந்தக் கிழமை ஜனவரி வரை நீண்டது. இடையில் ஓர் அறிகுறியும் வராமல் இல்லை. காலை ஏழு மணிக்கு அம்மா குளிக்கப் போனால் "தண்ணி சுடுகுதில்லை" என்று சத்தம். சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கப் போனால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குக் கீழேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசம். (அது நல்ல வாசம்தான் என்று அம்மா இங்கே எழுதச் சொல்கிறார்.) பிறகு அந்த நான்கு சோடிச் சப்பாத்து. இரண்டாவது ஆளும் வந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

அன்று மத்தியானம் ஒரு மீற்றிங்கின் நடுவில் வட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினேன். விருந்தாளிகள் ஒரு கிழமைக்கு மேல் தங்கக் கூடாது. மேலதிகமாகத் தங்கினால் ஆளுக்கு மாதம் 200 டொலர். இனி யார் வந்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு சிரிப்புப் படமும் போட்டேன், கோபமில்லை என்று காட்ட.

அனுப்பிய பெருமையில் அதைப் படம் பிடித்துத் தங்கச்சிக்கும் அனுப்பினேன். அவள் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "நீ கையெழுத்துப் போட்ட லீஸை நீ வாசிச்சியா?"

வாசிக்கவில்லை. ஒன்ராறியோவில் 2018 ஏப்ரல் 30க்குப் பிறகு செய்யும் பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்களுக்கு மாகாண அரசு தந்த ஒரே படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை இறக்கி, பெயர், விலாசம், வாடகை நிரப்பி, கையெழுத்து வாங்கியவன் நான். கடைசிப் பக்கங்கள் ஏதோ பொது அறிவுரை என்று தாண்டிவிட்டேன். ஒரு மென்பொருளை நிறுவும்போது கீழே இருக்கும் நிபந்தனைகளைத் தாண்டுவதுபோல. அந்தக் கடைசிப் பக்கங்களில் விருந்தாளிகள் என்றே ஒரு பகுதி இருக்கிறது. வீட்டுக்காரர் விருந்தாளிகளைத் தடுக்க முடியாது. முன்கூட்டிச் சொல்லவோ அனுமதி கேட்கவோ நிர்ப்பந்திக்க முடியாது. விருந்தாளிக்காக மேலதிகக் கட்டணம் வாங்கவோ வாடகையைக் கூட்டவோ முடியாது. நகரசபை விதித்த ஆள் அளவுக்குள் இருக்கும்வரை அறைத்தோழர் ஒருவரைச் சேர்ப்பதையும் தடுக்க முடியாது.

என் வட்ஸ்அப்பில் இருந்தது மூன்றே மூன்று வாக்கியம். மூன்றும் நானே கையெழுத்திட்ட தாளுக்கு எதிரானவை. அந்த 200 டொலரை நான் வாங்கியிருந்தால், தம்பி ஒரு வருடத்துக்குள் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்டில் விண்ணப்பித்துத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் உறைத்தது. நவம்பரில் அவர் என்னிடம் கேட்ட அனுமதி அவருக்குத் தேவையே இல்லை. நான் கொடுத்த அனுமதி என்னிடம் இருந்ததும் இல்லை. இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறேன் என்று நின்றேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீடு, என் மோர்ட்கேஜ், என் தண்ணீர் பில். யார் படுக்கிறான் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். உங்கள் அப்பாவோ மாமாவோ இதைப் படித்தால் அவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். இப்போது என் எண்ணம் வேறு. எத்தனை பேர் என்பது என் விசயம் இல்லை. அதனால் என்ன நடக்கிறது என்பது மட்டுமே என் விசயம். இது சட்டம் சொல்வதற்காக மட்டும் நான் ஏற்றுக்கொண்டதல்ல. ஆட்களை எண்ணுவதை விட்டபிறகுதான் என் வீட்டில் உண்மையில் என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரிந்தது.

சுடுதண்ணீரை எடுங்கள். எங்கள் தாங்கி 40 கலன், அதாவது 151 லீற்றர். அதில் நல்ல சூட்டோடு எடுக்கக்கூடியது ஏறக்குறைய 70 வீதம், 105 லீற்றர் என்று வையுங்கள். எங்கள் பழைய ஷவர் நிமிடத்துக்கு 9.5 லீற்றர் கொட்டும். பத்து நிமிடக் குளிப்பு 95 லீற்றர். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் ஐஸ்போல வருவதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு சுடுதண்ணீர், கிட்டத்தட்ட 63. அடுத்தடுத்து மூன்று பேர் குளித்தால் 190 தேவை. எரிவாயு ஒருபக்கம் சூடாக்கிக்கொண்டே இருந்தாலும் மூன்றாவது ஆளுக்குக் குளிர்தண்ணீர்தான். அந்த மூன்றாவது ஆள் அம்மா. நான் மேலேயும் கீழேயும் நிமிடத்துக்கு 5.7 லீற்றர் ஷவர் தலைகளை வாங்கிப் பூட்டினேன். ஒரு குளிப்புக்கு 38 லீற்றர் சுடுதண்ணீர். மூன்று பேருக்கும் 114. பிரச்சினை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் முடிந்தது. ஒருவனை வெளியேற்றி நான் தீர்க்க நினைத்ததை ஒரு ஸ்பானர் தீர்த்தது. அந்த ஸ்பானரை எடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது ஏன் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எனக்குச் சொல்லாமல் என் வீட்டில் ஒன்று நடக்கிறது என்பதுதான் குத்தியது.

உடுப்புத் தோய்ப்பதற்கு நாட்கள் பிரித்தோம். சனி எங்களுக்கு, ஞாயிறு கீழே. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விசயம் உண்மையிலேயே ஆபத்தாக இருந்தது. அதை நான் சப்பாத்து எண்ணிக் கண்டுபிடிக்கவில்லை. புகை அலாரங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வருகிறேன் என்று ஒரு தாளில் எழுதி, 24 மணித்தியாலத்துக்கு முன்னரே தம்பியிடம் கொடுத்தேன். அதுதான் முறை: எழுத்தில் அறிவித்தல், காரணம், காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில் ஒரு நேரம். 'அண்ணன்தானே' என்று கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போவது முறையல்ல. போய்ப் பார்த்தால் ஃபேர்னஸ் அறைக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய வழியில் ஒரு மெத்தை. நண்பன் இரவில் அதில்தான் படுக்கிறான். தம்பியின் அறைக்குள் படுத்தால் அவருடைய படிப்பு கெடும் என்று அவனே தெரிவு செய்த இடம். தீப்பிடித்தால் கீழே இருப்பவர்கள் ஓடவேண்டிய வழி அது. இருட்டில், புகையில், முதலில் காலில் தடக்குவது அந்த மெத்தையும் அதில் கிடப்பவனும்.

இது என் விசயம். சந்தேகமே இல்லாமல் என் விசயம். அலாரம் வேலை செய்வதும் வெளியேறும் வழி திறந்திருப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அங்கேயே சொன்னேன்: ஆள் எத்தனை நாள் நிற்கிறார் என்று கேட்க வரவில்லை, இந்த மெத்தை இன்று இரவு இங்கே இருக்கக் கூடாது. அரை மணித்தியாலத்தில் மூன்று பேருமாகத் தூக்கி ஹோலுக்குள் போட்டோம். சோபாவின் ஒரு கால் கழன்றது. அதை இன்னும் திருத்தவில்லை.

மூன்று பேர் என்றால் தம்பி, நண்பன், நான். நான் கற்பனை செய்த அந்த இரண்டாவது விருந்தாளி இல்லவே இல்லை. மிச்சச் சோடிகள் நண்பனின் வேலைப் பூட்ஸும் அவனுடைய ஓட்டச் சப்பாத்தும். ஒன்றின் அளவு மற்றதிலிருந்து அரை நம்பர் கூட.

மெத்தை தூக்கிய களைப்பில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் நண்பனோடு முதன்முறையாகக் கதைத்தேன். அவன் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தான் தெரியுமா? பிரம்ரனில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தான். ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்தபோது கதவின் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. பெட்டி வெளியே. காரணம், அவனுடைய நண்பர் ஒருவர் மூன்று இரவு அறையில் தங்கிவிட்டார்.

எனக்குக் குடித்த தேத்தண்ணி இறங்கவில்லை. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். என் வட்ஸ்அப் செய்தியைத் தம்பி அவனுக்குக் காட்டியிருக்க வேண்டும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, அறை தேடும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. ஒன்ராறியோவின் ரெசிடென்ஷியல் ரெனன்சீஸ் அக்ற் 2006 உங்களைப் பாதுகாக்கிறதா இல்லையா என்பதைச் சிலவேளை ஒரு குசினி தீர்மானிக்கும். வீட்டுக்காரரோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரில் ஒருவரோ அதே கட்டிடத்தில் வாழ்ந்து, குசினியையோ குளியலறையையோ நீங்கள் அவர்களோடு பகிரவேண்டிய ஏற்பாடு என்றால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. நண்பன் அந்தக் குடும்பத்தோடு ஒரே குசினியில் சமைத்தான். ஆகவே போர்டுக்குப் போக அவனுக்கு வழியில்லை. எங்கள் தம்பிக்குத் தனிக் குசினி. அவருடைய பூட்டை நான் மாற்றியிருந்தால் அது குற்றம். போர்டின் உத்தரவோடு ஷெரிஃப் அலுவலகம் மட்டுமே அவரை வெளியேற்றலாம். இரண்டு பையன்களும் ஒரே வகுப்பு, ஒரே வாடகைச் சந்தை. நடுவில் ஓர் அடுப்பு. அறை எடுக்கும்போது 'குசினி தனியா, பொதுவா?' என்று கேளுங்கள். வசதிக்காக மட்டும் கேட்கிற கேள்வி அல்ல அது.

இப்போது அந்தப் பனி வழித்த கணக்குக்கு வருகிறேன். எங்கள் ஆட்களுக்குள் வாடகை என்பது அண்ணா, தம்பி, அம்மா, மாமி என்றுதான் ஓடுகிறது. எனக்கு அது பிடிக்கும். அதில் ஒரு சூடு இருக்கிறது. ஆனால் அந்த உறவுச்சொல் பெரும்பாலும் மேலேயிருந்து கீழேதான் வேலை செய்கிறது. அண்ணா என்றபடியால் அவர் இலவசமாகப் பனி வழித்தார். அண்ணா என்றபடியால் தேவையில்லாத அனுமதியைக் கேட்டார். நான் தம்பி என்றபடியால் தாளில் எழுதவேண்டியதை வட்ஸ்அப்பில் அதட்டினேன். கடைசியில் 200 டொலர் கேட்டபோது மட்டும் நான் அண்ணனாக இல்லை, வீட்டுக்காரன். என் வசதிக்கு ஏற்றபடி இரண்டு தொப்பியையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். அவருக்கு ஒரே தொப்பிதான்.

அடுத்த நாள் வட்ஸ்அப் செய்தியை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு தாள் கொடுத்தேன். பனி வழிப்பதற்கு மாதம் ஒரு தொகை என்றும் பேசினோம். "பரவால்லைண்ணா, எதுக்கு அதெல்லாம்" என்றார். வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான்காவது முறை வாங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உன்ர அப்பா 1988இல் வந்து எங்க நிண்டவர் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார். சென் ஜேம்ஸ் ரவுணில், வெல்ஸ்லி வீதிப் பக்கம் ஒரு தொடர்மாடியில், ஒரே ஒரு படுக்கையறை வீட்டில், ஏழு பேரோடு எட்டாவதாக. லீஸில் இருந்தது ஒருவருடைய பெயர். மிச்ச ஏழு பேரும் விருந்தாளிகள். இரவு வேலைக்காரரும் பகல் வேலைக்காரரும் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்திருக்கிறார்கள். அப்பா அங்கே பதினான்கு மாதம் 'விருந்தாளி'. இதை எனக்கு அவர் சொன்னதே இல்லை. எனக்குச் சொன்னதெல்லாம் கடுமையாக உழைத்த கதை மட்டும்தான்.

இதைக் கேட்டு நான் கரைந்துபோய் எல்லோரையும் கூப்பிட்டுக் கீழே இருத்தினேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு படுக்கையறையில் எட்டுப் பேர் இருந்தது வீரமல்ல, வேறு வழியில்லாமல் இருந்தது. அங்கே தீப்பிடித்திருந்தால் நான் பிறந்தே இருக்க மாட்டேன். ஆள் அளவுக்கு நகரசபை எல்லை வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். அந்த எல்லையை மீறி ஆட்கள் தொடர்ந்து குடியிருந்தாலோ, விருந்தாளி சத்தம் போட்டு மற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்தாலோ, பொருட்களை உடைத்தாலோ வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. விருந்தாளியின் நடத்தைக்கு வாடகைக்கு இருப்பவரே பொறுப்பு. என்-5 என்ற படிவத்தை அவருக்குக் கொடுக்கலாம். முதல் தடவை என்றால் திருத்திக்கொள்ள ஏழு நாள் கிடைக்கும். எங்களுடையதுபோல வீட்டுக்காரரும் அதே கட்டிடத்தில் வாழ்ந்து, அதில் மூன்று வீடுகளுக்கு மேல் இல்லையென்றால், மோசமான தொந்தரவுக்கு என்-7 இருக்கிறது. அது பத்து நாள் அறிவித்தல். ஆனால் கவனியுங்கள், இரண்டிலும் 'அதிக நாள் தங்கினார்' என்று ஒரு காரணம் கிடையாது.

ஒரு கலியாண வீட்டில் இதை நான் சொன்னபோது மேசையில் இருந்த மாமாமார் என்னைப் பிய்த்துவிட்டார்கள். "தம்பி, உமக்கு விளங்காது. இண்டைக்கு விருந்தாளி, நாளைக்கு அவனே வீட்டுக்காரன். போர்டுக்குப் போனா வருசக்கணக்கு." அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2023 மே மாதம் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் போல் டுபே வெளியிட்ட அறிக்கை, அந்தப் போர்டில் 38,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்ததைச் சொன்னது. வாடகை வராமல் மோர்ட்கேஜ் கட்டியவர்களும், வெப்பம் இல்லாமல் குளிரில் கிடந்த வாடகைக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அந்தப் பயம் கற்பனையல்ல. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் விருந்தாளியா, வரிசையா? வரிசை சரியில்லை என்பதற்காக ஒருவனின் அக்கா வந்து தங்குவதைத் தடை செய்வது, வைத்தியசாலையில் காத்திருக்க நேரம் கூட என்பதற்காகப் பிள்ளையை விளையாட விடாமல் இருப்பதுபோல. மாமாமார் தங்கள் எம்பிபிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். ரோல்ஸ் வந்தது, பேச்சு மாறியது.

அவர்களுடைய மற்றப் பாதிக்கும் ஒரு பதில் இருக்கிறது. விருந்தாளி சும்மா நின்றதால் மட்டும் வாடகையாளர் ஆகிவிட மாட்டார். இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று காசு. விருந்தாளி தன் பெயரிலிருந்து உங்களுக்கு வாடகை அனுப்ப, நீங்கள் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தால், நீங்களே அவரோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருப்பதுபோலப் பார்க்கப்படலாம். அதனால்தான் என்னுடைய அந்த 200 டொலர் யோசனை இரட்டை மடைத்தனம். சட்டவிரோதமானது, அதோடு நான் பயந்ததையே உருவாக்கக்கூடியது. மற்றது, வாடகைக்கு இருந்தவர் போய் விருந்தாளி மட்டும் மிஞ்சுவது. அனுமதியில்லாமல் வீடு அப்படிக் கைமாறியது தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் போர்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், நீங்கள் சம்மதித்து வீடு அவருக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கணவன் மனைவி என்றால் விதி வேறு, அவர்களுக்கு உரிமை கூட. இந்த இரண்டிலும் விழிப்பாக இருந்தால் போதும். பக்கக் கதவடியில் குனியத் தேவையில்லை.

இது ஒன்ராறியோக் கதை என்பதை மறக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியிருக்கும் ஆள் கூடினால் வாடகை கூடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மேலதிகம் வாங்க இடமுண்டு. அங்கேயும் வந்து போகும் விருந்தாளிக்குக் கட்டணம் கிடையாது. லண்டனிலும் சிட்னியிலும் இருந்து படிப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். மாமாமாரைக் கேட்காதீர்கள்.

வாடகைக்கு இருக்கிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டப்படி நீங்கள் அறிவிக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் மேலே ஒரு வயதான அம்மா காலை ஏழு மணிக்குக் குளிக்கிறார் என்று தெரிந்தால், "இந்த மாதம் நாங்க ரெண்டு பேர், ஆறு மணிக்கே குளிச்சிடுறோம்" என்று ஒரு வரி அனுப்பினால் உங்கள் உரிமை குறைந்துவிடாது. அனுமதி கேட்பதும் தகவல் சொல்வதும் வேறு வேறு. தம்பி அனுமதி கேட்டுவிட்டு அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நீட்டிக் கேட்டால் நான் மறுப்பேன் என்ற பயத்தில் மறைத்தார். அந்தப் பயத்தை உண்டாக்கியது நான்தான். ஆனாலும் மறைத்தது எனக்கு இன்னும் கொஞ்சம் நோகிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

நண்பன் மே மாதம் வரை இருந்தான். பிறகு ஏஜக்ஸில் வேலை கிடைத்து அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டான், தனிக் குசினியோடு. போகும்போது சோபாக் காலைத் திருத்தித் தருகிறேன் என்றான். திருத்தவில்லை. இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அம்மாவுக்கு அவன் கொண்டுவரும் அல்வா பிடிக்கும்.

போன கிழமை தம்பியிடமிருந்து ஒரு வட்ஸ்அப்: "அண்ணா, கான்வகேஷனுக்கு எங்க அம்மா ஜூன்ல வர்றாங்க. கீழதான் தங்குவாங்க. சும்மா தகவலுக்கு சொல்றேன்."

'எத்தனை நாளைக்கு?' என்று தட்டினேன். அழித்தேன். 'சந்தோசம் தம்பி, கட்டிலை ஜன்னலுக்குக் குறுக்கே போட வேண்டாம்' என்று அனுப்பினேன். அதற்குள் மேலே அம்மா, திருநெல்வேலிக்காரர் காலையில் கோப்பியா தேத்தண்ணியா குடிப்பார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.